அடுப்பில் காளான் பூத்த வீடு: பசியைப் பாடியவர்கள் கடவுளிடம் என்ன கேட்டார்கள்?

நாழிக்கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

"இலக்கியம் காலத்தின் கண்ணாடி" என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நானும் எழுதியவன்தான். அந்த வரிக்கு என்ன பொருள் என்று யோசித்தது போன வாரம்தான், அதுவும் வேறொரு சொல்லைத் தேடிப் புறநானூற்றுக்குள் போய் 164-ஆம் பாட்டில் மாட்டிக்கொண்டபோது.

பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் வள்ளல் குமணனைத் தேடிப் போகிறார். குமணனே அப்போது நாட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காட்டில் கிடக்கிறான். புலவர் தன் வீட்டு நிலையைச் சொல்கிறார். சமையலையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி, அதாவது காளான், பூத்திருக்கிறது. பாலில்லாமல் தோலோடு சுருங்கிப்போன முலையைச் சுவைத்துச் சுவைத்துக் குழந்தை அழுகிறது. மனைவி குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். புலவர் மனைவியின் கண்ணைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு உன்னை நினைத்துக் கிளம்பி வந்தேன் என்கிறார். அவ்வளவுதான் பாட்டு.

நான் நின்றுபோன இடம் அந்தக் காளான். அடுப்பில் காளான் முளைக்க வேண்டுமென்றால் சாம்பல் ஆறியிருக்க வேண்டும், ஈரம் ஏறியிருக்க வேண்டும், பல நாள் யாரும் அதன் மேல் கை வைக்காமல் இருந்திருக்க வேண்டும். எத்தனை நாள் பட்டினி என்று புலவர் எண்ணிச் சொல்லவில்லை. காளான் சொல்லிவிட்டது.

இதைப் போல உங்களைப் பிடித்து நிறுத்திய இடங்களைச் சொல்லுங்கள். கவிதைதான் என்றில்லை, சிலை, கல்வெட்டு, நாட்டுப்பாட்டு எதுவானாலும் சரி. இன்னொரு கேள்வியும் உண்டு. சாத்தனார் பாட்டில் கடவுள் வரவே இல்லை. பின்னால் வந்தவர்கள் பசியையும் கடவுளையும் ஒரே பாட்டில் வைத்தபோது கடவுள் அங்கே என்ன செய்தார்?

மறுபக்கம்

நல்ல இழை. ஆனால் முதல் அடியிலேயே ஒரு முட்டுக்கட்டை போடுகிறேன், மன்னிக்கவும்.

அந்தக் காளான் சாத்தனார் வீட்டில் மட்டும் பூக்கவில்லை. சிறுபாணாற்றுப்படையைத் திறந்து பாருங்கள். கரையான் அரித்த பழைய சுவர், அங்கேயும் காளான். பாலில்லாத முலையும் அழுகிற குழந்தையும் 160-ஆம் புறப்பாட்டில் பெருஞ்சித்திரனாரிடமும் இருக்கின்றன, பாடப்பட்டவன் அதே குமணன். ஆக இது ஒரு வாய்ப்பாடு. பரிசில் கேட்கப் போகிறவன் தன் வீட்டில் நெல் குவிந்து கிடக்கிறது என்றா சொல்லுவான்? தொழில்முறைப் புலவர்கள் தொழில்முறையாகச் சொன்ன வறுமையை எடுத்து வைத்துக்கொண்டு அன்றைய சமூகமே இப்படித்தான் இருந்தது என்று நாம் அழ ஆரம்பித்தால், கண்ணாடியைப் பார்க்கிறோமா, கண்ணாடிக்குப் போட்ட சட்டத்தைப் பார்க்கிறோமா?

நாழிக்கணக்கு

வாய்ப்பாடுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாய்ப்பாடு என்பதே பலருக்குத் தெரிந்த ஒன்றிலிருந்துதானே வரும்? அடுப்பில் காளானைப் பார்த்தே இராத ஒரு சபையில் அந்த உவமை செல்லுபடியாகாது. அப்புறம், நீங்கள் சொன்ன 160-இல் வாய்ப்பாட்டுக்கு வெளியே ஒன்று இருக்கிறது. சிறுவன் கூழும் சோறும் தேடி வீட்டுக்குள் இருக்கும் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறான். எல்லாம் காலி. அழுகிறான். தாய் புலி வருகிறது என்று பயமுறுத்திப் பார்க்கிறாள், நிலாவைக் காட்டிப் பார்க்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "அப்பா வந்தால் எப்படிக் கோபித்துக்கொள்வாய், மூஞ்சியைக் காட்டு" என்று கேட்கிறாள். பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், இது வாய்ப்பாட்டில் வருகிற வரி இல்லை.

கதவிடுக்கு

மறுபக்கம் அண்ணா, நீங்கள் சொன்ன சிறுபாணாற்றுப்படையை நானும் படித்திருக்கிறேன். காளானோடு நிறுத்திவிட்டீர்களே. அதற்கு அடுத்து வருவதுதான் விஷயம்.

அந்தக் கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டும் குடும்பத்துப் பெண், குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பில்லாமல் வேக வைக்கிறாள். வெந்ததை வெளியே யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நாணி, "கடையடைத்து", வாசற்கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு உட்கார்ந்து தின்கிறாள். பசியைக்கூடத் தாங்கிவிட்டாள், பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பதைத் தாங்க முடியவில்லை. எந்தப் பொருளாதாரப் புத்தகம் இதை எழுதும்?

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. சின்ன வயதில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம், எல்லோருக்கும் பொதுவாக ஒரே குழாயடி. மாதக் கடைசியில் சில நாள் இரவுச் சாப்பாடு கிடையாது. அம்மா எட்டு மணிக்குக் கழுவி அடுக்கிய பாத்திரங்களையே மறுபடி எடுத்துப் போய்க் குழாயடியில் போட்டுத் தேய்ப்பார். சாப்பிட்டு முடித்த வீடு மாதிரி சத்தம் கேட்க வேண்டும், அதற்காக. வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது, எதிர்வீட்டு அத்தையும் சில நாள் அதையேதான் செய்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே குழாயடியில் எதிரெதிரே உட்கார்ந்து சுத்தமான பாத்திரத்தைத் தேய்த்திருக்கிறார்கள், ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு. நல்லூர் நத்தத்தனார் என்ற புலவருக்கு அந்தக் குழாயடி தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மறுபக்கம்

சரி. கதவு எனக்குப் பதில் சொல்லிவிட்டது. காளானை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் கதவை ஒத்துக்கொள்கிறேன்.

ஓதுவார்பேரன்

கடவுள் என்ன செய்தார் என்று கேட்டீர்கள். சில்லறை கொடுத்தார், அதுவும் வட்டம் பிடித்துக்கொண்டு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருவீழிமிழலையில் சம்பந்தரும் அப்பரும் அடியார்களோடு தங்கியிருந்தபோது பஞ்சம் வந்தது. சிவபெருமான் கனவில் வந்து, பஞ்சம் தீரும்வரை கோயில் பீடத்தில் இருவருக்கும் தினம் ஒரு காசு வைப்பதாகச் சொல்கிறார். காசும் வருகிறது, இருவர் மடத்திலும் சமையலும் நடக்கிறது. ஆனால் அப்பர் மடத்தில் நேரத்துக்குப் பந்தி போடுகிறார்கள், சம்பந்தர் மடத்தில் தாமதமாகிறது. ஏன் என்று சம்பந்தர் விசாரிக்கிறார். "உங்கள் காசுக்குக் கடைத்தெருவில் வாசி கேட்கிறார்கள், அவர் காசை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள்" என்று பதில் வருகிறது. வாசி என்றால் மாற்றுக் குறைவான காசுக்குக் கழித்துக்கொள்ளும் வட்டம். அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்கிறவர், அதனால் அவருக்கு நல்ல காசு. சம்பந்தர் பிள்ளை, அதனால் வாசியுள்ள காசு என்று சேக்கிழார் காரணம் சொல்கிறார்.

சம்பந்தர் உடனே பாடுகிறார்: "வாசி தீரவே காசு நல்குவீர், மாசின் மிழலையீர், ஏசல் இல்லையே." முதல் திருமுறையில் 92-ஆம் பதிகம். எங்கள் தாத்தா இதைப் பாடும்போது "ஏசல் இல்லையே" என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார். "திட்டுகிற மாதிரிதான் இருக்கிறது, திட்டவில்லை என்று சொல்லி வைக்கிறார் பார்" என்பார். பஞ்ச காலத்தில் வணிகர்கள் காசை உரசிப் பார்ப்பார்கள், நாணயத்துக்கு நாணயம் மதிப்பு மாறும், இரண்டு மடத்துச் சமையல்காரர்களுக்கும் அது தெரியும். இவ்வளவும் ஒரு தேவாரக் கதைக்குள் இருக்கிறது. கடவுள் போட்ட காசையே கடைக்காரன் உரசிப் பார்த்திருக்கிறான்!

அரைமனசு

கடவுள் காசுக்கே வட்டம் பிடித்தவனைத்தான் நான் கும்பிடுவேன். அவன்தான் உண்மையான வியாபாரி.

பழங்கல்

ஓதுவார்பேரன் ஐயா, பாட்டின் பக்கத்தில் இதையும் வைத்துப் பாருங்கள். அதே காவிரிக் கரைதான், மூன்றாம் குலோத்துங்கன் காலம், ஆண்டு 1201. திருப்பாம்புரம் கோயிலில் ஒரு கல்வெட்டு. காலம் கெட்டுப்போய், காசுக்கு மூன்று நாழி நெல் என்று விலை ஏறிவிட்டது. ஒரு வேளாளனும் அவனுடைய இரண்டு பெண்களும் பட்டினிச் சாவுக்குத் தப்ப 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு அடிமைகளாக விற்றுக்கொண்டார்கள்.

புலவர் யாரும் இதைப் பாடவில்லை. இது கணக்கு, யார் கண்ணீரும் இதில் இல்லை. ஆனால் "காசுக்கு மூன்று நாழி" என்ற அந்த ஒரு விலை விவரம் எதற்காகக் கல்லில் ஏறியது என்று யோசிக்கிறேன். விற்றதற்கு நியாயம் சொல்லத்தான். இவர்கள் சோம்பேறிகள் அல்லர், விலை அப்படி இருந்தது என்று யாரோ பதிவு செய்ய விரும்பியிருக்கிறார்கள். சாத்தனாரின் காளான் செய்யும் வேலையை இங்கே மூன்று நாழி செய்கிறது.

கோயிலுக்குள்ளே "காசு நல்குவீர்" என்று ஓதிக்கொண்டிருந்த அதே நாட்டில் கோயில் காசு கொடுத்து ஆளை வாங்கியிருக்கிறது. இரண்டும் உண்மை. முதலாவது நமக்குப் பண்ணோடு கிடைத்தது, இரண்டாவதைக் கல்லின் மேல் தாளை ஒற்றி மைப்படி எடுத்துப் படிக்க வேண்டியிருந்தது.

ஓதுவார்பேரன்

தெரியும், பழங்கல். இதைச் சொன்னால் நான் சங்கடப்படுவேன் என்றும் உங்களுக்குத் தெரியும். சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த மூவருக்கு அன்று கோயிலைத் தவிர யாரிடம் நெல் இருந்தது? கோயில் களஞ்சியமாகவும் வங்கியாகவும் இருந்த காலம். கருணையும் கணக்கும் ஒரே வாசலில்தான் உட்கார்ந்திருந்தன. பாட்டு பொய் என்று இதற்கு நான் பொருள் கொள்ள மாட்டேன். அந்தப் பாட்டு எதற்காகத் தேவைப்பட்டது என்பதைத்தான் உங்கள் கல் சொல்கிறது.

மறுபக்கம்

இது தப்பிக்கிற பதில், ஐயா. கோயிலிடம் நெல் இருந்ததென்றால் விலைக்கு ஆளை எழுதி வாங்காமலே கொடுத்திருக்கலாமே. மணிமேகலை இதைத்தான் கேட்கிறது. உணவு கொடுத்தவர் உயிர் கொடுத்தவர் என்று அமுதசுரபியைக் கையில் கொடுத்து ஒரு பெண்ணை நகரத்துக்குள் அனுப்புகிறது அந்தக் காப்பியம். அவள் போகிற இடங்களைப் பாருங்கள். தின்னத் தின்ன அடங்காத யானைத்தீ பிடித்த காயசண்டிகை, அப்புறம் சிறைச்சாலை. அவள் கேட்டு, அரசன் சிறையையே அறக்கோட்டமாக மாற்றுகிறான். பௌத்தம் இந்த மண்ணில் அடுப்பு வழியாகத்தான் பேசியிருக்கிறது.

வள்ளுவரை நான் கொண்டுவர வேண்டுமா? 1062. பிச்சை எடுத்துத்தான் உயிர் வாழ வேண்டும் என்றால் உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும். சபித்தே விட்டார். வாசி தீர்த்துக் கொடு என்று கெஞ்சவில்லை.

ஓதுவார்பேரன்

சபிப்பதற்கும் ஆள் வேண்டுமே, தம்பி. இல்லாதவனைச் சபிக்க முடியாது. குறளையும் பதிகத்தையும் நான் எதிரெதிரே வைக்க மாட்டேன். இரண்டிலும் "உன் கணக்கு சரியில்லை" என்று அவனிடம் நேரே சொல்கிறார்கள். சுந்தரர் இன்னும் ஒரு படி மேலே போனார். குண்டையூரில் நெல் கிடைத்துவிட்டது, திருவாரூரில் அவர் மனைவி பரவையார் பட்டினி. மலையாகக் குவிந்து கிடக்கிறது, தூக்க ஆளில்லை. கூலிக்கு ஆள் அனுப்பு என்று கடவுளிடம் கேட்கிறார்: "ஆளிலை எம்பெருமான், அவை அட்டித்தரப் பணியே." பக்தி என்றால் கண்ணீர் மல்கி நிற்பது என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பதிகம் ஒத்து வராது. வண்டிக் கூலி பேசுகிற மாதிரி பேசுகிறார்.

கதவிடுக்கு

பெண்கள் பக்கம் ஒருமுறை திரும்பலாமா? மனைவி, தாய், பரவை என்று பாட்டுக்குள் பசித்துக் கிடப்பது முழுக்கப் பெண்கள், பாடுவது முழுக்க ஆண்கள்.

ஒரு பெண் தானே பாடியது இருக்கிறது. காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகம் இப்படித் தொடங்குகிறது: "கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்று." ஆலங்காட்டுப் பெண் பேயின் வருணனை. வற்றிய முலை, புடைத்த நரம்பு, குழி விழுந்த வயிறு. இந்த இழையின் முதல் பதிவில் இருக்கும் 164-ஆம் பாட்டை இப்போது பாருங்கள். புலவரின் மனைவிக்கும் "தோலொடு திரங்கி" என்றுதான் இருக்கிறது. அதே திரங்கல்.

அம்மையார் புறநானூற்றைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பேய் எப்படி இருக்கும் என்று யோசித்தபோது அவர் கண்ணில் பட்டது பட்டினி கிடந்த ஒரு பெண்ணின் உடம்பு என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் பார்க்க மறுக்கும் அந்த உடம்பை எடுத்து, இதுதான் நான் என்று உடுத்திக்கொண்டு, நடராசர் காலடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் நடராசர் சிற்பத்தின் கீழே தாளம் போட்டுக்கொண்டு அவர் இருக்கிறார். சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விலா எலும்புகளும் கழுத்து நரம்பும் தெரியும். முகத்தில் சிரிப்பு. உமைக்கும் திருமகளுக்கும் இளமுலையும் ஒசிந்த இடையும் வார்த்த அதே பட்டறை மரபில் வந்தவர்கள்தானே இந்த உடம்பையும் வார்த்தார்கள்? அவர்களுக்கு மாதிரி எங்கே கிடைத்திருக்கும்? பஞ்சம் வந்த ஊரில் மாதிரிக்கா பஞ்சம்?

பழங்கல்

கடைசி வரி கொஞ்சம் மிகை, அக்கா. பேய் வடிவத்துக்குச் சிற்ப நூல்களில் இலக்கணம் உண்டு, கொற்றவை வழிபாட்டில் அதற்கென்று ஒரு நீண்ட மரபும் இருக்கிறது. "திரங்கி" என்ற சொல் வற்றிய எதற்கும் வரும். ஆனாலும் அந்த இரண்டு பாட்டையும் இனிமேல் தனித்தனியாகப் படிக்க முடியாதபடி செய்துவிட்டீர்கள்.

புதுவரவு

முதல் தடவை எழுதுகிறேன். பழைய பாட்டெல்லாம் எனக்கு உரை இல்லாமல் புரியாது. ஒரு சந்தேகம். ஒரே கதையை வெவ்வேறு காலத்தில் எழுதினால் அந்தந்தக் காலம் அதில் தெரியுமா? தெரியும் என்றால் யாராவது ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்களேன்.

பழங்கல்

வாருங்கள். இந்த இழைக்கே வேண்டிய கேள்வி. நந்தன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் கொடுத்தது ஒரே வரி: "செம்மையே திருநாளைப்போவார்க்கும் அடியேன்." சாதி இல்லை, நெருப்பு இல்லை. பேரும் புகழும் மட்டும்.

சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டு, சோழனின் அமைச்சர். அவர் ஆதனூர்ப் புலைச்சேரியை நின்று நிதானமாகக் காட்டுகிறார். கூரையில் சுரைக்கொடி படர்ந்திருக்கிறது. கையில் இரும்புக் காப்பு போட்ட சிறுவர்கள் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குட்டியின் மெல்லிய குரைப்பை அரையில் கட்டிய இரும்பு மணியின் சத்தம் அமுக்கிவிடுகிறது. மருத மரத்து நிழலில் ஓர் உழத்தி சின்னத் தோலை விரித்து அதன் மேல் குழந்தையைத் தூங்க வைக்கிறாள். அமைச்சராக இருந்தவருக்கு அந்தச் சேரி இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்திருக்கிறது! ஆனால் நந்தனார் தில்லைக்குள் நுழைய நெருப்பில் மூழ்கி எழ வேண்டும் என்பதில் அவருக்குக் கேள்வி இல்லை. அவரைப் பொறுத்தவரை தடை பிறப்பில் இருக்கிறது, அதை இறைவனே தீர்த்துவைக்கிறான்.

கோபாலகிருஷ்ண பாரதி 19-ஆம் நூற்றாண்டு. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860-களின் தொடக்கத்தில் காரைக்காலில் அச்சாகிறது. சேக்கிழாரில் இல்லாத ஓர் ஆளை இவர் உள்ளே கொண்டுவருகிறார்: பண்ணைக்கார வேதியர். நந்தன் அவரிடம் அடிமை வேலை செய்கிறான். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர், அது ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. கோயில் வாசலுக்கு வருவதற்கு முன்பே கதை நின்றுவிடுகிறது, பாருங்கள். தடை இப்போது வரப்பில் நிற்கிறது, ஆண்டை உருவத்தில். தஞ்சைப் பண்ணைகளைச் சுற்றி வாழ்ந்த ஒருவருக்கு நந்தனை யார் போகவிட மாட்டார்கள் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் இதற்குச் சாற்றுக்கவி, அதாவது நூலைப் பாராட்டும் பாட்டு, தர மறுத்தார், இலக்கணப் பிழைகள் அவருக்கு உறுத்தின. அப்புறம் பாரதியார் பாடக் கேட்டு உருகித்தான் கொடுத்தார். உ. வே. சாமிநாதையர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

20-ஆம் நூற்றாண்டில் இந்திரா பார்த்தசாரதியின் நாடகத்தில் நெருப்பு அற்புதம் அல்ல, பொறி. நந்தனை அதற்குள் அனுப்புகிறார்கள்.

ஒரே ஆள், ஒரே நெருப்பு. அந்த நெருப்பை யார் மூட்டினார்கள் என்பதற்கு மட்டும் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு பதில் மாறிக்கொண்டே வருகிறது.

புதுவரவு

நன்றி ஐயா. அந்த நாய்க்குட்டியின் மணியை மறக்க முடியாது போலிருக்கிறது.

அரைமனசு

கோபாலகிருஷ்ண பாரதியாருக்கு ஒரு துணைத் தகவல். தாது வருடப் பஞ்சத்தில், அதாவது 1876-க்குப் பிறகு, மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தன் சொத்தைக் கரைத்துக் கஞ்சி ஊற்றினார். கிறிஸ்தவர், முன்சீப்பாக இருந்தவர், 1878-இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் வெளியிட்டவர். அவரைப் பார்த்து "நீயே புருஷ மேரு" என்று பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதி, சைவர். நான் கிண்டல் பண்ணுகிற ஆள்தான், ஆனால் இந்த இடத்தில் கிண்டல் வரவில்லை.

நாழிக்கணக்கு

தாது வருடத்துக்கு வந்துவிட்டீர்கள், நல்லது. அதில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. சிவகங்கையைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசம், 1899-இல் அச்சானது. பஞ்சத்தில் அடிபட்ட மக்கள் மதுரைச் சுந்தரேசுவரரிடம் போய் முறையிடுகிறார்கள். அவர் என்ன செய்கிறார் தெரியுமா? நானே நொடித்துப் போயிருக்கிறேன் என்று கையை விரித்துவிட்டு, சிவகங்கை சமீன்தாருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார்!

நினைத்துப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் தினம் காசு கொடுத்தவர். 19-ஆம் நூற்றாண்டில் கடிதம் மட்டும் கொடுக்கிறார். இடையில் யார் யாரோ களஞ்சியத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரயிலில் தானியம் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த பஞ்சம் அது. வேலை வாங்கிக்கொண்டுதான் கூலி என்று நிவாரண முகாம்களில் தொழிலாளிக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அளவுக்குக் கூலியைக் குறைத்தார் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். நூல் முழுக்க நையாண்டி, ஒவ்வொரு சாதியும் தொழிலும் அதிகாரியும் மாட்டிக்கொள்கிறார்கள். பஞ்சத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுத ஒரு தைரியம் வேண்டும்.

மறுபக்கம்

கேட்டதும் விவேக சிந்தாமணி ஞாபகம் வருகிறது. பசு கன்று போடுகிறது, மழை கொட்டுகிறது, வீடு விழுகிறது, மனைவிக்கு உடம்பு முடியவில்லை, வேலையாள் சாகிறான். ஈரம் காய்வதற்குள் விதைத்துவிடலாம் என்று விதையோடு ஓடினால் கடன்காரன் வழிமறிக்கிறான். அப்புறம் சாவு ஓலை, விருந்தாளி, பாம்புக்கடி. அதற்குமேல் அரசன் வரி கேட்கிறான், கடைசியாகக் குருக்கள் தட்சணை கேட்கிறார். எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லுகிற பாட்டு. ஆனால் கடன்காரன், வரி, தட்சணை என்று மூன்றையும் எடுத்துவிட்டால் மீதி இயற்கை, அதை யாரும் தாங்கிவிடுவார்கள். எழுதியவர் யாரோ, குருக்களைக் கடைசியில் வைத்தது யோசித்துச் செய்த வேலை.

கொழுந்துக்கூடை

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஊரில் இருந்தவர்களையே பேசுகிறீர்கள். பஞ்சத்தில் ஊரை விட்டுப் போனவர்கள் என்ன பாடினார்கள்?

கோப்பித் தோட்டத்துக்கென்று, அதாவது காபித் தோட்டத்துக்கென்று, இலங்கை மலைநாட்டுக்கு நடந்தே வந்தவர்களின் பாட்டு எங்களிடம் இருக்கிறது. "கோப்பிக் கன்னு போட்ட மலை, அண்ணனைத் தோத்த மலை, அந்தா தெரியுது பார்." எழுதியவர் பெயர் கிடையாது. ஒரு பெண் கையை நீட்டி மலையைக் காட்டுகிறாள், அவ்வளவுதான். அண்ணன் எப்படிச் செத்தான், காய்ச்சலா, அட்டையா, கங்காணி அடியா, ஒன்றும் இல்லை. "தோத்த" என்கிறாள், சூதாட்டத்தில் பொருளைத் தோற்ற மாதிரி.

"கோப்பி" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். 1869-இல் கோப்பி இலைநோய் வந்தது, அதற்கடுத்த சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்துவிட்டது. மலையில் கோப்பி இல்லாமல் போன பிறகும் நூறு வருடத்துக்கு மேல் தேயிலை பறித்துக்கொண்டே கோப்பி மலையைப் பாடியிருக்கிறோம். அந்தப் பாட்டில் கடவுள் இல்லை. எங்கள் லயத்து முனையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் முனையில், மாடசாமி இருந்தார், மாரியம்மன் இருந்தாள், திருவிழாவும் நடந்தது. ஆனால் அண்ணனைத் தோற்ற கணக்கில் அவர்களை யாரும் இழுக்கவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. சாமியையும் கூடவே நடத்திக் கூட்டி வந்தோம், அவரும் எங்களைப் போலத்தானே என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

ஓதுவார்பேரன்

தங்கச்சி, உங்கள் கடைசி வாக்கியத்தைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "வாசி தீரவே" பாடச் சொன்னார். பாடினேன்.

கதவிடுக்கு

கொழுந்துக்கூடை, அந்தப் பாட்டை யாராவது பாடிக் கேட்டிருக்கிறீர்களா? தாலாட்டு ராகமா, ஒப்பாரி ராகமா?

கொழுந்துக்கூடை

அப்பாயி பாடிக் கேட்டிருக்கிறேன். இரண்டும் இல்லை அக்கா. நடக்கிற தாளம்.

மறுபக்கம்

ஒரு சின்னச் சேர்க்கை, அப்புறம் நான் தூங்கப் போகிறேன். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசியில் காளியிடம் முறையிட்டு, போர் முடிந்ததும் களத்தில் கூழ் காய்ச்சி வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் எல்லாம் உண்டு. சமணப் பேய் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் உண்ணும், அதுவும் கூழில் மயிர் இல்லாமல் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். மனிதர்களைப் பிணமாக்கிக் காய்ச்சிய கூழில்! சயங்கொண்டார் அரசனைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்த புத்தகம் இது. அவர் கை எங்கே போயிருக்கிறது பாருங்கள்.

நாழிக்கணக்கு

தூங்கப் போகுமுன் நீங்கள் ஆரம்பித்து வைத்த சிறுபாணாற்றுப்படையை இன்னொரு தடவை படியுங்கள். நான் இன்றைக்குத்தான் பார்த்தேன். காளான் பூத்த அந்த அட்டிலில், அதாவது சமையலறையில், ஒரு நாய் இருக்கிறது, புதிதாகக் குட்டி போட்டது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை, காது மடங்கிக் கிடக்கிறது. பால் குடிக்க முட்டுகின்றன. வயிறு காய்ந்த நாய்க்கு அது தாங்கவில்லை, குரைக்கிறது. வீட்டில் திருட என்ன இருக்கிறது, வெளியாளைப் பார்த்துக் குரைக்க? தன் குட்டிகளைப் பார்த்துக் குரைக்கிறது.